பால்வண்ணன் என்று வைக்கலாமா

ஆண் குழந்தைக்குப் பெயர் தேடுகிற பெற்றோர் இப்போது இரண்டு நிபந்தனை வைக்கிறார்கள். பெயர் பழைய வழக்கத்தில் இருந்ததாக இருக்க வேண்டும். ஊரெங்கும் கேட்டுப் புளித்ததாக இருக்கக் கூடாது. தனித்தனியே பார்த்தால் இரண்டும் நியாயம்தான். சேர்த்து வைத்தால் உறுத்துகிறது. ஒரு பெயர் மரபுக்குள் வந்ததே பல பேர் பல தலைமுறையாக அதை வைத்ததால்தான். எவரும் வைக்காத பெயர் மரபுப் பெயராக ஆகியிருக்க வழியில்லை. ஆக, பெற்றோர் கேட்பது ஒரு காலத்தில் பலரிடம் இருந்து இன்று சிலரிடம் மட்டும் மிஞ்சியிருக்கும் பெயரை. மற்றவர்கள் அதை ஏன் கைவிட்டார்கள் என்று விசாரிக்காமலே அந்தப் பெயரை எடுத்துக்கொள்ள முடியுமா? தென்காசி மாவட்டத்தில், சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில் இருக்கும், கருவை என்று சுருக்கிச் சொல்கிற கரிவலம்வந்தநல்லூர் இதை யோசிக்கத் தோதான ஊர். அங்கே கோயில் கொண்டிருக்கும் சிவனுக்குப் பால்வண்ணநாதர் என்று பெயர், அம்மன் ஒப்பனையம்மாள். சாமி பேரை அப்படியே எடுத்தும் சுருக்கியும் பால்வண்ணநாதன், பால்வண்ணன், பால்வண்ணம் என்று ஆண்களுக்கு வைக்கிற வழக்கம் இந்தப் பக்கத்தில் உண்டு. இன்றைய பெற்றோரின் நிபந்தனைக்கு அளவெடுத்துத் தைத்த பெயர் இது. தமிழ்ப் பெயர், பழைய பெயர், சொன்னதும் பொருள் விளங்குகிற பெயர். சென்னையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டாவதாக ஒரு பால்வண்ணனைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

இந்தப் பெயர் கருவைக்கு மட்டும் உரியதும் அல்ல. சிதம்பரத்துக்குப் பக்கத்தில் தேவாரம் பெற்ற திருக்கழிப்பாலையிலும் இறைவன் பால்வண்ணநாதர்தான். ஆனாலும் பெயர் புழங்குகிற விதத்தைப் பார்த்தால், ஒவ்வொரு ஊர்ப் பெயருக்கும் ஓர் எல்லை இருந்தது தெரியும். நெல்லைப் பக்கத்தில் ஆண்களின் பெயர்களைக் கேட்டாலே எந்தக் கோயில் வட்டாரம் என்று ஓரளவு சொல்லிவிடலாம். திருநெல்வேலி என்றால் நெல்லையப்பன், காந்திமதிநாதன். குற்றாலத்தைச் சுற்றிக் குற்றாலலிங்கம், குற்றாலநாதன். தென்காசியில் காசிவிசுவநாதன். கழுகுமலைப் பக்கம் கழுகாசலம். சங்கரன்கோவிலில் சங்கரலிங்கம், சங்கரநாராயணன், கோமதிநாயகம், ஆவுடையப்பன். வயற்காட்டு ஓரத்திலும் சுடுகாட்டு விளிம்பிலும் இருக்கிற சாமிகளிடமிருந்து சுடலைமுத்து, மாடசாமி, இசக்கிமுத்து, பேச்சிமுத்து. இந்த வட்டாரத்தில் ஐந்து கோயில்களைப் பஞ்சபூதத் தலங்களாகச் சொல்வார்கள்: சங்கரன்கோவில் மண், தாருகாபுரம் நீர், கரிவலம்வந்தநல்லூர் நெருப்பு, தென்மலை காற்று, தேவதானம் ஆகாயம். ஒரே நாளில் ஐந்தையும் சுற்றி வந்துவிடலாம். இத்தனை அடுத்தடுத்து இருந்தும் ஒரு கோயிலின் பெயர் அடுத்த கோயிலின் வாசலில் மெலிந்துவிடுகிறது. ஆடித்தபசுக்குக் கூட்டம் திரள்கிற சங்கரன்கோவிலின் பெயர்கள் மாவட்டம் தாண்டியும் போயின. கருவையின் பெயர் தன் தேரடியை விட்டு அவ்வளவு தூரம் நகரவில்லை. எனவே பால்வண்ணன் அபூர்வமான பெயர் என்பது சென்னையில் நின்று சொல்கிற பேச்சு. களா மரத்தைத் தலமரமாகக் கொண்ட அந்தக் கோயிலடியில் அது சாதாரணப் பெயர். கல்யாண வீடுகளில் எழுதப்படும் மொய் நோட்டைப் புரட்டினால் இது கண்ணில் படும். நீல மையில், கோணல் எழுத்தில், ஒரு பக்கத்திலேயே மூன்று சங்கரலிங்கம் வரும். எழுதுகிறவர் அதற்காகக் குழம்புவதில்லை. முன்னெழுத்து, அது போதாவிட்டால் தெரு, அதுவும் போதாவிட்டால் டீக்கடை, ரைஸ்மில், டெய்லர் என்று ஏதாவது ஒன்று பெயருக்கு முன்னால் ஏறும். ஆளைப் பிரித்துக் காட்டுகிற வேலையை அங்கே பெயர் செய்ததே இல்லை. அந்த வேலைக்கு வேறு சொற்கள் இருந்தன. மகனின் பெயர் தனித்துத் தெரிய வேண்டும் என்ற விருப்பத்துக்கே அந்த நோட்டில் இடமில்லை.

அப்படியானால் பெயர் செய்த வேலை என்ன? பெரும்பாலும் கடன் தீர்த்தது. மூத்த பையனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்றவர் பெயர் என்பது பல வீடுகளில் பேசாமலே முடிவான விஷயம். “தாத்தா பேரு விளங்கணும்லா” என்று வீட்டுப் பெரிய மனுஷி ஒரு வார்த்தை சொன்னால் பேச்சு அதோடு முடிந்தது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. பெற்ற பிள்ளைக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டபிறகு பெற்றவள் அவனை எப்படிக் கூப்பிடுவாள்? ஐயா, ராசா, பெரியவனே என்று எதையாவது சொல்லிச் சமாளிப்பாள். பெயர் விளங்குவதற்காகவே வைத்த பெயர், அவனை அதிகம் கூப்பிடுகிற வாயில் வராமலே போகும். தாத்தா கணக்கு தீர்ந்தால் அடுத்தது நேர்ச்சை. பிள்ளை தங்காதவர்கள் கருவையிலோ செந்தூரிலோ வேண்டிக்கொண்டிருந்தால் அந்தச் சாமி பெயர்தான். இந்தக் கணக்கு மதம் பார்ப்பதில்லை. பொட்டல்புதூர் முகைதீன் ஆண்டவர் பள்ளிவாசலுக்கும் நாகூருக்கும் நேர்ந்துகொண்ட வீடுகளில் மைதீன்களும் நாகூர்மீரான்களும் பிறந்தார்கள். கத்தோலிக்க வீடுகளில் சவரிமுத்து, அந்தோணிமுத்து, சூசை. சீர்திருத்தக் கிறிஸ்தவர்களிடம் தேவசகாயம், ஞானமுத்து, வேதநாயகம். 1774இல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியாரின் தகப்பனார் பெயரும் தேவசகாயம்தான். இந்தப் பெயர்கள் எதையும் யாரும் ‘தேர்ந்தெடுத்ததாக’ச் சொல்ல முடியாது. வந்து விழுந்தவை. அரசர்களுக்குக்கூடத் தேர்ந்தெடுக்கிற சுதந்திரம் முழுசாக இருந்ததில்லை. முற்காலப் பாண்டியர்கள் மாறவர்மன், சடையவர்மன் என்ற பட்டங்களை மாற்றி மாற்றித்தான் சூடினார்கள்.

கருவைக்கென்று ஓர் அரசன் உண்டு. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த தென்காசிப் பாண்டியர் வழியில் வந்த வரதுங்கராமன். நைடதம் பாடிய அதிவீரராமனுக்குத் தாயாதி. பால்வண்ணநாதர் மேல் மூன்று அந்தாதிகள் அவன் பெயரில் இருக்கின்றன. அதிவீரராமன் பாடியவை என்று சொல்வாரும் உண்டு. அவற்றில் திருக்கருவைப் பதிற்றுப்பத்தந்தாதிக்குக் குட்டித் திருவாசகம் என்ற செல்லப்பெயர் நிலைத்துவிட்டது. அவனுக்குப் பிள்ளை இல்லை. கொள்ளி வைக்க மகனில்லாத அரசனுக்குப் பால்வண்ணநாதரே இறுதிக்கடன் செய்தார் என்பது தலக்கதை. அவன் சொத்தோடு அவன் சேர்த்த ஏட்டுச்சுவடிகளும் கோயிலுக்கு வந்து சேர்ந்தன. பல காலம் கழித்து அந்த ஏடுகளைத் தேடி உ.வே. சாமிநாதையர் கருவைக்கு வந்தபோது, பழைய ஏடுகளை ஆகம முறைப்படி நெய்யில் தோய்த்து ஓமத்தில் இட்டுவிட்டதாகக் கோயிலைச் சேர்ந்தவர் சொன்ன பதிலைக் கேட்டு அவர் வெந்து போனதை எழுதி வைத்திருக்கிறார். தீயைப் பூதமாகக் கொண்ட தலத்தில் இது நடந்தது என்று எண்ணும்போது ஏதோ பொருத்தம் இருப்பதுபோல் தோன்றலாம். அப்படித் தோன்றவிடாமல் இருப்பது நல்லது, அது வெறும் அறியாமை. இங்கே எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. பெயரை ஏற்க ஒரு பேரன் இல்லாதவனுக்கு ஊர் ஒரு கதையைச் செய்து கொடுத்தது, சாமியை மகனாக்கியது. அந்தக் கதை இருப்பதால் அரசன் பெயரும் கோயிலோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது. ஆனால் கதையில் நிலைத்த அந்தப் பெயர் தெருவில் இறங்கிப் புழங்கவில்லை. ‘ஏல வரதுங்கராமா’ என்று மாடு பத்துகிற பையனைக் கூப்பிடுவதை யோசித்தாலே தெரியும். பழமையும் பெருமையும் மட்டும் ஒரு பெயரைப் புழக்கத்தில் வைத்திருப்பதில்லை.

மரபில் இருந்து அருகிப்போன பெயர்கள் என்று தேடுகிறவர்கள் எப்போதும் தாண்டிப் போகிற ஒரு கூட்டம் இருக்கிறது. பிச்சை, பிச்சையா, குப்பன், குப்புசாமி, தவிடன். முதல் இரண்டு மூன்று பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில் அடுத்தவனைக் குப்பைமேட்டில் போட்டு எடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு ஒரு படி தவிட்டுக்குத் திரும்ப வாங்கினார்கள். எமனுக்கு இவன் மேல் கண் போகக் கூடாது என்று மட்டமான பெயராகப் பார்த்து வைத்தார்கள். ஒரு தாய் தன் பிள்ளையைக் குப்பை என்று கூப்பிடுவதில் இருந்த பயமும் ஆசையும் வேறெந்தப் பெயரிலும் அவ்வளவு அடர்த்தியாக இல்லை. பழையவை, தமிழ்ப் பெயர்கள், இன்று அரிதானவை. நிபந்தனைகள் எல்லாம் பொருந்துகின்றன. யாரும் வைக்க மாட்டார்கள், வைக்கவும் வேண்டாம். 2020ஆம் ஆண்டுக்கான மாதிரிப் பதிவுக் கணக்குப்படி தமிழ்நாட்டில் ஆயிரம் பிறப்புக்குச் சிசு மரணம் 13. அந்தப் பெயர்களைத் தேவையாக்கிய பயம் பெரும்பாலான வீடுகளைவிட்டு நீங்கிவிட்டது. பெயரும் கூடவே போனது. ஒரு பெயர் அருகுவதை எப்போதும் இழப்பாகவே எண்ண வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

இன்னொரு கூட்டம் இதைவிடக் கசப்பானது. ஊரில் யார் எந்தப் பெயரை வைக்கலாம் என்பதில் சாதிக்கு ஒரு சொல் இருந்தது. கன்னியாகுமரிப் பக்கம் 1809இல் பிறந்த அய்யா வைகுண்டருக்குப் பெற்றோர் முதலில் வைத்த பெயர் முடிசூடும் பெருமாள் என்றும், அந்தப் பெயர் இவர்களுக்கு ஆகாது என்று மேல்சாதியார் எதிர்த்ததால் முத்துக்குட்டி என்று மாற்ற வேண்டி வந்தது என்றும் அவர் வரலாறு சொல்கிறது. சாமி பேரின் முழு வடிவம் ஒரு தெருவுக்கு, அதன் சிதைந்த பாதி இன்னொரு தெருவுக்கு என்று பங்கு பிரித்த ஊர்கள் தெற்கே நிறைய. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குப் பிறகு பெயருக்குப் பின்னால் இருந்த சாதிப் பட்டம் மெல்ல உதிர்ந்தது. வால் போனதும், மோப்பம் பிடிக்கிறவர்கள் தலையைப் பார்க்கத் தொடங்கினார்கள். முதல் சந்திப்பில் பெயரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, தெருவைக் கேட்டு ஒரு முடிவுக்கு வருகிற வித்தை நெல்லைச் சீமையில் பலருக்குக் கைவந்த கலை. சங்கரநாராயணன் என்றால் ஓர் அனுமானத்துக்கும் வர முடியாது, அது எல்லாருக்கும் பொது. வட்டாரம் குறுகக் குறுகப் பெயர் அதிகம் சொல்லிவிடும். ஆகவே தாத்தா பெயரை மீட்டெடுப்பது ஒருவருக்குப் பெருமையாகவும், இன்னொருவருக்கு, அந்தத் தாத்தாவுக்கு அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்ற நினைப்பாகவும் இருக்கும். மகனுக்குத் தமிழிலும் சேராத, வடமொழியிலும் முழுதாகச் சேராத, அகராதியிலேயே இல்லாத ஒரு பெயரை வைத்து நிம்மதி அடைகிற பெற்றோரைக் கேலி செய்வது எளிது. எந்தத் தெருவையும் காட்டிக்கொடுக்காத பெயர் அவர்களுக்கு வேண்டியிருக்கிறது என்பதைக் கேலி செய்கிறவர்கள் கவனிப்பதில்லை.

பெயரைப் பொருளுக்காகத் தேர்ந்தெடுக்கலாம் என்ற எண்ணம் பரவலானது கடந்த நூறு ஆண்டுகளில்தான். வேதாசலம் மறைமலையடிகள் ஆனார், நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், இராமையா அன்பழகன் ஆனார். அவர்கள் மாற்றிக்கொண்டதை அடுத்த தலைமுறை பிறப்பிலேயே பெற்றது; செழியன், இளங்கோ, பாரி, கபிலன் என்று 1960களில் பள்ளிக்கூட வருகைப் பதிவேடு நிறம் மாறியது. அப்போது அவை துணிச்சலான, கேட்காத பெயர்கள். இப்போது அந்த இளங்கோக்கள் ஓய்வூதியம் வாங்குகிறார்கள், அவர்கள் பெயர் பேரனுக்குப் ‘பழசாக’ இருக்கிறது. எழுத்தாளர்கள் எதிர்த்திசையில் ஒரு காரியம் செய்தார்கள். புதுமைப்பித்தன் வீட்டில் விருத்தாசலம், வண்ணதாசன் கல்யாணசுந்தரம், கலாப்ரியா சோமசுந்தரம். கோயில் கொடுத்த பெயரை வீட்டிலும் அலுவலகத்திலும் விட்டுவிட்டு எழுத்துக்கு வேறொன்றைச் செய்துகொண்டார்கள். அண்மை வரவு மண்ணிலிருந்து. கீழடிப் பானையோடுகளில் ஆதன், குவிரன் ஆதன் என்று கீறிய பெயர்கள் கிடைத்த செய்தி 2019இல் மாநிலத் தொல்லியல் துறையின் அறிக்கை வந்தபோது பரவியது. இரண்டாயிரம் ஆண்டுக்குமேல் பழமையான பெயர். அண்மைக்காலம்வரை எந்த வீட்டிலும் எளிதில் கேட்காத பெயர். வயது என்று பார்த்தால் பால்வண்ணன் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் ஆதனைத் தாத்தாவிடமிருந்து பேரன் வாங்கிக் கைமாற்றிக்கொண்டே வந்த சங்கிலி எங்கேயோ அறுந்துவிட்டது. நடுவில் ஓட்டில் படுத்துக்கிடந்தது. பால்வண்ணனோ ஒரு நாளும் புழக்கத்தைவிட்டுப் போகாமல், மெலிந்த குரலில், ஒரு சில தெருக்களில் கூப்பிடப்பட்டுக்கொண்டே வந்திருக்கிறான். மரபு என்று கேட்கிறவர்களுக்கு இரண்டில் எது வேண்டும் என்பது அவர்களுக்கே தெளிவாக இருப்பதில்லை. பழமை வேண்டுமென்றால் ஓடு போதும். மரபு வேண்டுமென்றால் அந்தப் பெயரோடு வருகிற தேரும், தாத்தாவும், மொய் நோட்டும், தெருவும் சேர்ந்து வரும். அவற்றைக் கழற்றி வைத்துவிட்டுப் பெயரை மட்டும் எடுப்பதில் பிழை ஒன்றுமில்லை, ஆனால் எடுத்த பிறகு அது ஓட்டில் கிடந்த பெயருக்குச் சமம்.

எல்லாம் யோசித்துப் பால்வண்ணன் என்றே வைக்க முடிவு செய்தாலும் தடைகள் உண்டு. முதலாவது ஜாதகம். பிறந்த நட்சத்திரத்தின் பாதத்துக்கு ஏற்ற எழுத்தில் பெயர் தொடங்க வேண்டும் என்கிற பட்டியலில் ‘பா’ வருவது உத்திரம் மூன்றாம் பாதத்துக்கு. அதே உத்திரத்தின் முதல் இரண்டு பாதத்துக்கு ‘டே’, ‘டோ’ என்று இருக்கிறது. டகரத்தில் தொடங்கும் பழைய தமிழ்ப்பெயர் ஒன்றைக் காட்டச் சொன்னால் பட்டியல் போட்டவரே முழிப்பார். பால்வண்ணன் வேண்டுமென்றால் பிள்ளை சரியான சில மணி நேரத்துக்குள் பிறக்க வேண்டும், அல்லது பட்டியலைத் தாத்தா காலம்போல் ஒதுக்கிவிட வேண்டும். அடுத்தது உறவினர் வாய். “என்னல, கெழவன் பேரால்லா இருக்கு” என்பார் மாமா. மூன்றாவதுதான் பெரிய தடை, அதை யாரும் முன்கூட்டி எண்ணுவதில்லை. தொட்டிலில் போடும் நாளன்று தாம்பாளத்துப் பச்சரிசியில் பெயரை விரலால் எழுதுவார்கள். அத்தை குனிந்து குழந்தையின் காதில் மூன்று முறை முழுப்பெயரைச் சொல்வாள். முழுப்பெயர் அவ்வளவு ஒழுங்காக உச்சரிக்கப்படுவது அநேகமாக அன்றைக்குத்தான். மறுநாளிலிருந்து அவன் பாலு. பாலசுப்பிரமணியனும் பாலு, பாலகிருஷ்ணனும் பாலு, பாலமுருகனும் பாலு. தமிழ்நாட்டில் மிக மலிவான கூப்பிடு பெயர்களில் ஒன்றில் போய் விழும் அந்த அபூர்வப் பெயர், தெருவில் ‘ஏலேய் பாலு’ என்றால் நான்கு தலை திரும்புகிற இடத்துக்கு வந்து சேரும். கருவையில் பிரச்சினை இல்லை, அங்கே வண்ணம் என்று பின்பாதியைப் பிடித்துக் கூப்பிடவும் வாய்கள் உண்டு. வெளியூரில் வளர்கிறவனுக்கு அந்த வாய்கள் கிடைப்பதில்லை.

காகிதத்தின் பாடு தனி. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயரை அப்போதே எழுதக் கட்டாயமில்லை, ஓராண்டுவரை கட்டணமின்றிச் சேர்க்கலாம், பிறகு தாமதக் கட்டணத்தோடு பதினைந்து ஆண்டுவரை. முன்பு இந்த அவகாசத்தைப் பலர் பொருட்படுத்தாமல், பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் கேட்கிற நேரத்தில் வாய்க்கு வந்ததை எழுதினார்கள். 1969ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2023இல் வந்த திருத்தத்தின்படி, அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கையிலிருந்து பாஸ்போர்ட்வரை பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் ஆதாரம். இனி அதில் எழுதுகிற பெயர் அவ்வளவு லேசில் நழுவாது, மாற்ற வேண்டுமானால் அரசிதழ்வரை போக வேண்டும். தாத்தா பெயரை வைக்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் பட்டாவில் காத்திருக்கிறது. சங்கரலிங்கம் மகன் ச. பால்வண்ணன், அவர் மகன் பா. சங்கரலிங்கம், அவர் மகன் மறுபடியும் ச. பால்வண்ணன். அறுபது ஆண்டு இடைவெளியில் முன்னெழுத்து முதற்கொண்டு ஒரே பெயரில் இரண்டு ஆள்கள், நிலமோ ஒரே புல எண்ணில். தாத்தா இறந்தபிறகும் பட்டா மாறாத வீடுகளில், பேரன் தன் பெயர் ஏற்கெனவே சிட்டாவில் இருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிட்டு, வாரிசுச் சான்று வாங்கக் கிராம நிர்வாக அலுவலகத்துக்கு நடக்கிறான்.

வெளிநாட்டுக்குப் போனால் கணக்கு வேறு. முன்னெழுத்து என்ற ஏற்பாடு தெரியாத நாடுகளில் தகப்பன் பெயர் குடும்பப்பெயராகிவிடும். ஊரில் ‘பா.’ என்று ஒற்றை எழுத்தாகச் சுருங்கி மகன் பெயருக்கு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டியது, அங்கே முழுதாக விரிந்து மகனுக்கும் மகளுக்கும் பின்னால் போய் நிற்கும். டல்லாசிலோ டொராண்டோவிலோ ஒரு வகுப்பாசிரியை மூன்று ‘ன’கர ‘ண’கரங்களில் தடுக்கி விழுந்து அதைக் கூப்பிடுவாள். கருவையில் தேரடி தாண்டாத பெயர் அப்படித்தான் கடல் தாண்டுகிறது, அதுவும் வைத்தவர்கள் நினைத்த பிள்ளைக்கு அடுத்த பிள்ளையின் மேல் ஏறி.